வடிதுளையா, கசிவுத்துளையா? தாங்குசுவர் கையேட்டுக்கான சொல் குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு,

வீட்டின் பின்புறம் மேட்டு மண்ணைத் தாங்கி நிற்கும் சுவர் சாயத் தொடங்கினால் அதைச் சீரமைப்பதா, இடித்துக் கட்டுவதா என்று விளக்கும் கையேட்டில், 'ரீட்டெய்னிங் வால்' என்பதற்குத் 'தாங்குசுவர்' என்ற சொல் முடிவாகிவிட்டது. 'தடுப்புச்சுவர்' அறைகளைப் பிரிக்கும் சுவருக்கும் வழங்குவதால் அதை விட்டது சரியே. அந்தச் சுவரின் பின்னால் தேங்கும் நீர் வெளியேற விடும் துளையான 'வீப் ஹோல்' என்பதற்கு முன்மொழியப்பட்ட 'கசிவுத்துளை' மீதுதான் எனக்கு மறுப்பு.

கூரை கசிகிறது, குழாய் கசிகிறது என்று குறையைச் சொல்லவே நாம் இந்த வினையைப் பயன்படுத்துகிறோம். கசிவைக் கண்டால் அடைக்கத்தான் கை போகும். இந்தத் துளையோ அடைபடவே கூடாதது. பூச்சின்போது அழகுக்காக இதைச் சிமெண்டால் மூடிவிடுவதும், பின்னால் சல்லி போடாமல் களிமண்ணையே நிரப்பியதால் இது தூர்ந்துபோவதும் சுவர் சாய்வதற்கான முதன்மைக் காரணங்களுள் அடங்கும்.

கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். உராய்வுக் கோணம் (மணிகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்காமல் தாங்கும் திறனின் அளவு) 30 பாகையுள்ள மணல், தன் எடையால் கீழ்நோக்கித் தரும் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே சுவரின் மீது பக்கவாட்டில் செலுத்துகிறது என்பது, பொறியாளர் ராங்கின் 1857-இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி கிடைக்கும் விடை. தண்ணீர் அப்படிக் குறைத்துக்கொள்வதில்லை. எல்லாப் பக்கமும் முழுமையாக அழுத்துகிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் வறண்ட மண் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6 கிலோநியூட்டன் அழுத்தம் தருமென்றால், மேல்மட்டம் வரை நீர் தேங்கிய அதே மண் 13-ஐத் தொட்டுவிடும். சுவரின் உயரம் இரு மடங்கானால் கவிழ்க்கும் திருப்புத்திறன் (அடியை மையமாக வைத்துச் சுவரைச் சுழற்றித் தள்ளும் திறன்) எட்டு மடங்காகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்; இத்தனை சுமையை இறக்கிவைக்கும் துளைக்குக் குறையின் பெயரைச் சூட்டலாமா?

ஆகவே 'வடிதுளை' என்பது என் பரிந்துரை. வடிகால், வடிகுழாய் என்ற சொற்களோடு அது இயல்பாகச் சேர்ந்துகொள்ளும். மதகுக்கும் பாலத்துக்கும் 'கண்' என்று சொல்லும் வழக்கத்தை ஒட்டி 'வடிகண்' என்றும் வைக்கலாம். எனக்கு அதன்மேல் கொஞ்சம் ஆசையுண்டு. 'வீப்' என்றால் அழுதல் என்பதைக் கொண்டு 'அழுதுளை' என்பது வெறும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு.

*

ஐயா, வணக்கம்.

'வடிதுளை'யை ஏற்கிறேன். 'வடிகண்' வேண்டாம், படிப்பவருக்குக் கண்ணில் நீர் வடியும் நோய்தான் நினைவுக்கு வரும். பழம்பாடல்களிலோ 'வடிக்கண்' மாவடுப் பிளவு போன்ற கண்ணைக் குறிக்கும். ஓர் ஒற்றெழுத்து கொத்தனாரைக் காதல் பாட்டுக்கு அழைத்துச் சென்றுவிடக் கூடாது.

ஆனால் 'கசிவு' என்ற சொல்லைக் கையேட்டிலிருந்தே நீக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். துளை வழியே தெளிந்த நீர் வருவது வடிதல். அது சுவரின் நலத்தைக் காட்டுகிறது. விரிசலிலும் கல் இடுக்கிலும் நீர் ஊறுவது கசிதல். துளை வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளம். கலங்கிய நீர் வந்தால் உள்ளிருக்கும் மண் அரிக்கப்படுகிறது என்று பொருள். அதற்கு 'அரித்து வடிதல்' என்று தனியே பெயரிடலாம். பழைய சுவரில் பின்னால் சல்லியும், மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் வடிதுணியும் இல்லாமல் புதிதாகத் துளை போடுபவர்களுக்கு இந்த மூன்றாவது நிலையே நேர்கிறது.

*

வேறுபாட்டை நன்றியுடன் ஏற்கிறேன், 'வடிகண்'ணைக் கைவிடுகிறேன். பதிவைப் பின்வருமாறு திருத்தியிருக்கிறேன்:

வடிதுளை: தாங்குசுவரின் பின்னால் தேங்கும் நீர் முன்பக்கம் வெளியேறுவதற்காகச் சுவரின் அடிப்பகுதியில் விடப்படும் துளை. புதிய சுவரில் கட்டும்போதே 'விடப்படுவது'. பழைய சுவரில் 'துளைக்கப்படுவது'. அடித்தளம் உறுதியாக இருந்து, தூக்குக்குண்டு காட்டும் சாய்வு மாதக்கணக்கில் மாறாதிருந்தால், பின்மண்ணைத் தோண்டிச் சல்லியும் வடிகுழாயும் இட்டு வடிதுளைகளைத் திறப்பது போதுமானதாகலாம். சாய்வு கூடிக்கொண்டே போனாலோ, அடி முன்னோக்கி நகர்ந்திருந்தாலோ வடிதுளை அச்சுவரை மீட்காது. பொறியாளரைக் கொண்டு வடிவமைத்துப் புதிதாகக் கட்ட வேண்டும்.