மூளைவேதி 'மானி' வேண்டாம், 'உணரி' போதும்

ஐயா, வணக்கம்.

மூளைக்குள் டோபமின் போன்ற வேதிப்பொருள்கள் கூடுவதையும் குறைவதையும் அறுவையின்போதே காட்டும் கருவிக்கு நீங்கள் முன்வைத்த 'மூளைவேதிமானி' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, வெப்பமானி, அழுத்தமானி வரிசையில் உட்கார்ந்துவிடும். ஆனால் கருவி செய்யும் வேலையைப் பார்த்தால் 'மானி' ஒட்டவில்லை.

மூளையின் ஆழத்தில் மின்முனை வைத்து மின்தூண்டல் கொடுக்கும் ஆழ்மூளைத் தூண்டல் அறுவையில் நோயாளி பெரும்பாலும் விழித்துப் பேசிக்கொண்டிருப்பார். அப்போது அளப்பதற்காக உள்ளே இறக்கும் கரியிழை (கார்பன் ஃபைபர்) மின்முனை சுமார் 7 மைக்ரான் பருமன். டோபமினைப் பிடிக்க அதன் மின்னழுத்தத்தை -0.4 வோல்ட்டிலிருந்து +1.3 வரை ஏற்றி மறுபடி இறக்குவார்கள், 10 மில்லிவினாடிக்குள் முடிந்துவிடும், இப்படி வினாடிக்கு 10 தடவை. +0.6 பக்கம் வரும்போது டோபமின் இரண்டு எலக்ட்ரான்களை இழக்கும், அந்தச் சின்ன மின்னோட்டம்தான் நமக்கு வேண்டியது. சிக்கல் என்னவென்றால், இழையின் மேற்பரப்பே மின்னேற்றம் வாங்குவதால் வரும் பின்னணி மின்னோட்டம் அதைவிடப் பல மடங்கு பெரியது. அதனால் சற்று முந்தைய பதிவைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் பார்க்கிறார்கள். எவ்வளவு கூடியது, குறைந்தது என்று சொல்லும்; மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. மானி என்று பெயர் வைத்தால் அறுவை அரங்கில் நிற்பவர் திரையில் வரும் எண்ணை இரத்தச் சர்க்கரை மாதிரி படித்துவிடுவார்.

மேயோ கிளினிக் குழு கம்பியில்லாக் கருவி ஒன்றை வைத்து நடுக்க நோயாளிகளிடம் அளந்து 2012-ல் வெளியிட்டதும் இந்த வகைதான். தூண்டல் மின்முனையைச் செலுத்தியதுமே, மின்தூண்டல் கொடுக்கும் முன்பே, அடினோசின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருள் சட்டென்று கூடியது. நடுக்கமும் அப்போதே அடங்கியது. அங்கேயும் தெரிந்தது மாற்றம்தான். அதே குழு அடிப்படை அளவையே அறிய ஒரு சதுர அலை முறையும் உருவாக்கியிருக்கிறது. அது அறுவை அரங்கில் நிலைத்துவிட்டால் 'மானி'யை அதற்குக் கொடுத்துவிடலாம், இப்போதே செலவழிக்க வேண்டாம்.

இன்னொரு அன்பர் சொன்ன 'கரியிழை உணரி'யும் சரிவராது. இழை ஒடியும் என்ற கவலையால் போரான் கலந்த வைர மின்முனையையும் முயன்று வருகிறார்கள், அப்புறம் பெயரை மாற்ற வேண்டிவரும்.

இப்படி அழுத்தத்தை வேகமாக ஏற்றி இறக்கி அளக்கும் முறையின் (fast-scan cyclic voltammetry) பெயருக்கு வருவோம். 'விரைசுழல் வோல்ட்டளவை' என்று எழுதியிருந்தீர்கள். இங்கே எதுவும் சுழலவில்லையே, அழுத்தம் ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். 'விரை ஏற்றிறக்க வோல்ட்டளவை' என்றால் மாணவருக்கு வரைபடமே கண்முன் வந்துவிடும். கொஞ்சம் நீளம்தான், சுருக்க வழி இருந்தால் சொல்லுங்கள். கருவிக்கு 'மூளைவேதி உணரி' என்றே என் வாக்கு.