நான்கு குரலை டிஜிட்டல் பியானோவில் தனித்தனி டிராக்கில் பதிவது எப்படி?

கேள்வி (மார்த்தாண்டம்):
யமஹா பி-125 இருக்கிறது. சபைப் பாடகர் குழு வீட்டில் பழக சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் தனித்தனியாக வேண்டும். இரண்டாவது டிராக் வாசிக்கும்போது தாளம் விலகுகிறது. என்ன செய்யலாம்?

பதில் (நாகர்கோவில்):
பியானோவிலேயே இருக்கும் மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் வசதி) போடுங்கள், அதன் சத்தம் பதிவில் வராது. வேகத்தையும் தாள அளவையும் முதல் டிராக்குக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். பியானோவில் எல், ஆர் என்று இரண்டு டிராக்குக்கும் பட்டன் உண்டு. ரெக் (பதிவு) பட்டனைப் பிடித்தபடி எல் அழுத்துங்கள். இப்போது ஒரு கட்டையைத் தொட்டாலே பதிவு தொடங்கிவிடும். அப்படித் தொடங்கினால் அடுத்த டிராக்குக்கு முன் எண்ண இடமே இருக்காது. விலகல் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. ப்ளே பட்டனால் தொடங்கி, ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) வெறுமையாக விட்டு வாசியுங்கள். பிறகு ரெக்கோடு ஆர் அழுத்துங்கள், எல் கூடவே ஒலிக்கும்.

பதில் (தக்கலை):
அண்ணன் சொன்னதோடு ஒன்று: பதிந்த டிராக்கிலேயே மறுபடி பதிந்தால் பழையது அழிந்துவிடும். பெடலைத் தொடாதீர்கள். குரல்கள் கலங்கி டெனர் அமுங்கிப்போகும்.

கேட்டவர்:
இரண்டே டிராக்தானே அண்ணா, நான்கு குரலுக்கு?

பதில் (நாகர்கோவில்):
பழக வேண்டிய குரலை மட்டும் ஆரில் வையுங்கள். மற்ற மூன்றையும் இரண்டு கையாலும் எல்லில் வாசிக்கலாம். ஆரை அணைத்தால் அந்தக் குரலைத் தாங்களே பாடிப் பார்க்கலாம். பியானோவில் ஒரு பாட்டுதான் நிற்கும், அதுவும் மிடியாக (ஒலியாக அல்ல, எந்தக் கட்டை எப்போது அழுத்தப்பட்டது என்ற குறிப்பாக). எனவே ஒவ்வொரு குரல் முடிந்ததும் ஆக்ஸ் அவுட்டிலிருந்து (பியானோவின் ஒலி வெளியே வரும் துளை) ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் கருவி) வழியாகக் கணினியில் ஆடியோவாக எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.