செத்தா எவ்வளவு பிடுங்கலாம்? கேம் செய்றவங்க உதவுங்க

சின்னதா ஒரு ரோல் பிளேயிங் கேம் செஞ்சிட்டிருக்கோம். சாவுக்கான தண்டனையை முடிவு பண்ண உதவி வேணும்.

கஷ்டம் இருந்தாலே சுவைங்கறது பாதிதான் சரி. எல்டன் ரிங் கேம்ல (2022) மார்கிட்ங்கற பாஸ் (பெரிய எதிரி) தடியை ஓங்கி, கொஞ்சம் நிறுத்தி அடிப்பான். பதறி முன்னாடியே உருண்டா அடி விழும். கை இறங்கறப்போ உருண்டா தப்பிக்கலாம். தோத்த காரணம் கண்ணுக்குத் தெரியுது, அதனாலதான் ஜெயிக்கிறப்போ இனிக்குது. டார்க் சோல்ஸ்ல (2011) பல பாஸுக்கு பான்ஃபயர்லேர்ந்து (செத்தா மறுபடி எழுந்திருக்கிற இடம்) திரும்ப ஓடணும். அந்த ஓட்டம் எதையும் கத்துத் தராது, வெறும் அலுப்பு.

ரெண்டுலயும் சேர்த்து செலவழிக்காம வச்சிருக்கிற காசு (ரூன், சோல்) எல்லாம் செத்த இடத்துல கிடக்கும். எடுக்கறதுக்குள்ள மறுபடி செத்தா மொத்தமும் போச்சு. இதைப் பாதி இழப்பா குறைச்சா பயமே போயிடுமா? செஞ்சு பார்த்தவங்க எண்ணிக்கையோட சொல்லுங்க.