உடற்பயிற்சி தொடங்கிய பிறகு வந்த காய்ச்சல்: பினாங்கில் எங்கள் அனுபவம்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

உடற்பயிற்சி தொடங்கிய புதிதில் உடம்பு வலிப்பது இயல்பு. காய்ச்சல் அடிப்பது இயல்பு அல்ல. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டால் அது எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதை என் தம்பி விஷயத்தில் பார்த்துவிட்டேன். அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

தம்பி பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறான். வருடாந்திரப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் அப்பா சர்க்கரையால் கால் விரல்களை இழந்தவர். அதனால் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எழுந்தாலே எல்லோரும் பதறிப்போவோம். மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு என்று 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொன்னது. அதிலும் இந்தியர்களிடையேதான் விகிதம் அதிகம். ஆகவே அவன் நடக்கப் போகிறேன் என்றதும் அம்மாவுக்கு அத்தனை மகிழ்ச்சி.

காலை ஷிப்டு முடிந்ததும் தண்ணீர்மலை பக்கம் உள்ள தாவரவியல் பூங்காவுக்குப் போய்விடுவான். முதலில் உள்வட்டத்தில் நடை. பிறகு ஒரு நடைக்குழுவோடு சேர்ந்து, கொடிமலைக்கு ஏறும் ஜீப் பாதையில் ஏறத் தொடங்கினான். அந்தத் தார்ச்சாலையில் ஏறியவர்களுக்குத் தெரியும், தொடக்கத்திலேயே மூச்சு வாங்க வைக்கும் செங்குத்து. பாதி வழியில் 84 என்று சொல்லும் ஓய்விடத்தில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவார்கள்.

தொடக்கத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, தொடை வலித்தது. வீட்டுப் படியில் கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இறங்குவான். அது உண்மையான உடற்பயிற்சி வலி. பழக்கமில்லாத வேலை செய்த தசையில் மறுநாள் தொடங்கும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும், பிறகு தானாக அடங்கும். அவனுக்கும் அடங்கிவிட்டது.

அதன்பின் வந்த வலி வேறு. வேலையிலிருந்து வந்தவன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். முதுகு, இடுப்பு, முழங்கை, விரல் கணு என்று மலை ஏறுவதோடு சம்பந்தமே இல்லாத இடங்களிலெல்லாம் வலி. கண்ணை அசைத்தால் கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது என்றான். தொட்டுப் பார்த்தால் உடம்பு அனலாகக் கொதித்தது. நடைக்குழுவில் மூத்தவர் ஒருவர் தொலைபேசியில், "தம்பி, உடம்பு இறுகுகிறது, விட்டுவிடாதே. நாளைக்கும் வந்து ஏறினால் எல்லாம் வேர்வையோடு போய்விடும்" என்று தைரியம் சொன்னார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அம்மா, உடம்புச் சூடு என்று நல்லெண்ணெயை எடுத்து வைத்தார். கண் பட்டிருக்கும் என்று சுற்றியும் போட்டார். இவனோ மருந்துக்கடையில் தசை வலி என்று சொல்லி டைக்ளோஃபெனாக் வாங்கி வந்து விழுங்கத் தொடங்கியிருந்தான். தசை வலி என்று கேட்டால் தசை வலி மாத்திரைதானே தருவார்கள்? காய்ச்சலை அவன் சொல்லவே இல்லை.

எனக்கு அந்த மாத்திரை அட்டையைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், அடுத்த வரிசையில் அப்போதுதான் டிங்கி (டெங்கு) கொசுவுக்குப் புகை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். டிங்கியில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும். அந்த நேரத்தில் டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென், மெஃபெனாமிக் அமிலம், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். காய்ச்சலோடு உடம்பு வலி இருந்தால், காரணம் தெரியும் வரை பாராசிட்டமோல் மட்டும்தான், அதுவும் சொன்ன அளவில்தான். இதை ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அன்று மாலையே கிளினிக்கிற்கு இழுத்துக்கொண்டு போனேன். "டாக்டர், ஒரு ஊசி போட்டு விடுங்கள், நாளை வேலைக்குப் போக வேண்டும்" என்றான் தம்பி. அந்த மருத்துவர் அம்மாள் போடவில்லை. டிங்கி சந்தேகம் இருக்கும்போது தசையில் ஊசி குத்தினால் அந்த இடத்திலேயே இரத்தம் கட்டிக்கொள்ளலாம் என்று பொறுமையாக விளக்கினார். இரத்த அழுத்தம் பார்த்துவிட்டுக் கையில் கட்டிய பட்டையை அவிழ்த்தார். பட்டை இருந்த இடத்துக்குக் கீழே, முழங்கை மடிப்பைச் சுற்றிலும், ஊசி முனையால் தொட்டு வைத்ததுபோல் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். விரலால் அழுத்தினார், புள்ளிகள் மறையவில்லை. "மலை ஏறியதால் இது வராது" என்று மட்டும் சொன்னார். டிங்கிக்கான விரைவுச் சோதனையில் முடிவும் உறுதியாக வந்தது.

தினமும் இரத்தம் பார்க்க வரச் சொல்லி ஓர் அட்டை கொடுத்து, தட்டணு எண்ணிக்கையை அதில் எழுதி வந்தார்கள். பிறகு ஒரு நாள் காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டோம். அம்மா கஞ்சியும் துவையலும் வைத்துக் கொடுத்தார். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். டிங்கியில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாளில்தான் தொடங்குகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் வெளியே கசியும், இரத்தம் கெட்டியாகும், அழுத்தம் விழும். தம்பி கஞ்சியை வாந்தி எடுத்தான். மேல்வயிறு வலிக்கிறது என்று சுருண்டான். பல் துலக்கிய இடத்தில் வாஷ்பேசினில் இளஞ்சிவப்பாக நுரை. அதற்கு மேல் ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை. அரசாங்க மருத்துவமனையில் உடனே சேர்த்துக்கொண்டு சேலைன் ஏற்றினார்கள். பப்பாளி இலைச்சாறு கொடுக்கலாமா என்று உறவினர்கள் வரிசையாகக் கேட்டார்கள். வார்டில் இருந்தவர்களோ எவ்வளவு தண்ணீர் குடித்தான், எவ்வளவு சிறுநீர் போனான் என்று மணிக்கு மணி எழுதி வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கணக்குதான் அவனைக் காப்பாற்றியது என்று நம்புகிறேன்.

கொசு பூங்காவில் கடித்ததா, வீட்டில் கடித்ததா என்பது யாருக்கும் தெரியாது. சுகாதார அதிகாரிகள் வந்து பார்த்தபோது எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டிலும் தண்ணீர் தேங்கித்தான் இருந்தது. ஆனால் டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதிகம் கடிப்பது விடிந்த சற்று நேரத்திலும் பொழுது சாயும் முன்பும். நாம் நடக்கப் போவதும் அதே நேரங்களில்தான், அரைக்கால் சட்டையோடு. கடித்த 4 முதல் 10 நாளுக்குள் காய்ச்சல் வரும். ஆகவே புதிதாக நடக்கத் தொடங்கியவருக்கு அடுத்த வாரமே காய்ச்சல் வந்தால், உடற்பயிற்சி ஒத்துக்கொள்ளவில்லை என்ற எண்ணம் எளிதாக வந்துவிடுகிறது. 2019-இல் மட்டும் இந்த நாட்டில் 130,101 பேருக்கு டிங்கி வந்தது, 182 பேர் இறந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் வேறு வலி என்று எண்ணிக் காத்திருந்தார்களோ என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

செந்தூல், கோலாலம்பூர்

அக்கா, உங்கள் தம்பி நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. எனக்கு நேர்ந்தது இதற்கு மறுபக்கம். எனக்குக் காய்ச்சலே இல்லை, உடற்பயிற்சியே நோயாகிவிட்டது.

தோழி ஒருத்தியின் அழைப்பில் உடற்பயிற்சிக் கூடத்தில் சைக்கிள் மிதிக்கும் வகுப்புக்குப் போனேன். இருட்டு அறை, காதைப் பிளக்கும் இசை, முன்னால் நின்று ஊக்கப்படுத்தும் பயிற்சியாளர். யாரும் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. மறுநாள் தொடை வலித்தது. அதற்கு மறுநாள் தொடை வீங்கி, தோல் பளபளவென்று இறுகிப்போனது. காலை மடக்கிக் கழிப்பறையில் உட்கார முடியவில்லை. அப்போது சிறுநீரைப் பார்த்தேன். பால் விடாத தே ஓ நிறம். தண்ணீர் குறைவாகக் குடித்திருப்பேன் என்று நிறையக் குடித்துப் பார்த்தேன், நிறம் மாறவில்லை.

மருத்துவமனையில் சிறுநீரில் சோதனைப் பட்டையை முக்கிப் பார்த்தபோது இரத்தம் இருப்பதாகக் காட்டியது. நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணுக்களே இல்லை. அது இரத்தம் இல்லை, சிதைந்த தசையிலிருந்து வெளியேறிய மயோகுளோபின் என்ற புரதம் என்று விளக்கினார்கள். அது அளவுக்கு மீறிச் சேர்ந்தால் சிறுநீரகத்தையே அடைத்துவிடுமாம். சாதாரணமாகச் சில நூறுகளுக்குள் இருக்க வேண்டிய கிரியேட்டின் கைனேஸ் என்ற தசை நொதி எனக்குப் பல்லாயிரங்களில் இருந்தது. இதற்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். நாள்கணக்கில் சேலைன் ஏற்றி, சிறுநீரகத்தைக் காப்பாற்றி அனுப்பினார்கள்.

வார்டில் மருத்துவர் கேட்ட கேள்விகளை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? காய்ச்சலோடு பயிற்சி செய்தீர்களா? வெயிலில் செய்தீர்களா? வலிக்கு என்ன மாத்திரை போட்டீர்கள்? இவை எல்லாமே தசைச் சிதைவையோ சிறுநீரகப் பாதிப்பையோ கூட்டக்கூடியவை. ஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள். எனக்கு அந்த மாத்திரை கிடையாது. நான் உடல் உழைப்பே இல்லாமல் இருந்துவிட்டு ஒரே வகுப்பில் முழு வேகத்தில் மிதித்ததுதான் காரணம் என்றார்கள். புதியவர் என்று தெரிந்ததும் பாதியில் இறங்கிக்கொள்ளலாம் என்று பயிற்சியாளர்கள் சொல்ல வேண்டும். இதை நான் மிகுந்த ஆதங்கத்தோடு சொல்கிறேன்.

புக்கிட் மெர்தாஜாம்

எங்கள் ஊரில் செரோக் தோக் குன் மலைக்கு வாரக் கடைசியில் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். என் அண்ணன் ஏறிவிட்டு வரும்போது ஓடையில் கால் நனைப்பது வழக்கம். புதுக் காலணி கடித்துக் குதிகாலில் புண் இருந்தது. அடுத்த வாரம் கடும் காய்ச்சல், கண் சிவந்து போனது, கெண்டைக்காலைத் தொட விடவில்லை. மலை ஏறியவர் என்பதால் கெண்டைக்கால் வலியை யாரும் பொருட்படுத்தவில்லை. எலிக் காய்ச்சல் என்று தெரிந்தபோது கண்ணில் மஞ்சள் ஏறிவிட்டது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் புண் வழியாக உள்ளே போனாலே போதுமாம். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக் மாத்திரையே கேட்கும். ஓடையில் இறங்கியதை மருத்துவரிடம் சொன்னவர் அண்ணி. அதன் பிறகுதான் அந்தச் சோதனையே எடுத்தார்கள்.

பட்டர்வொர்த்

இதையெல்லாம் படித்தால் நடக்கவே பயமாக இருக்கிறது அக்கா. அம்மாவுக்குச் சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம்தான் நடக்கத் தொடங்கினார். நிறுத்தச் சொல்லவா?

ஆயர் ஈத்தாம், பினாங்கு

நிறுத்தச் சொல்லாதீர்கள் தங்கச்சி. நடக்காமல் இருந்தால் சர்க்கரை என்ன செய்யும் என்பதை எங்கள் அப்பாவிடம் பார்த்தவள் நான். என் தம்பியும் திரும்ப நடக்கிறான். டிங்கிக்குப் பிறகு சோர்வு வாரக்கணக்கில் நீடித்தது. முதலில் வீட்டைச் சுற்றி, பிறகு பூங்காவின் உள்வட்டம், உடம்பு தேறிய பிறகே ஜீப் பாதை. இப்போது முழுக்கால் சட்டை, கையில் காலில் கொசு விரட்டி பூசாமல் கிளம்புவதில்லை.

அம்மாவுக்கு வேறு கவனம் வேண்டும். சில சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும் எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றில் நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பேச்சில் தடுமாற்றம் வந்தால் உடனே உட்கார வைத்து ஏதாவது இனிப்புக் கொடுங்கள். பையில் மிட்டாய் இருக்கட்டும். எந்த மாத்திரை அப்படிச் செய்யும் என்பதை அடுத்த முறை கிளினிக்கில் கேட்டு வையுங்கள். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி என்றால் அது தசைப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவு.

காய்ச்சல் இருக்கும் நாளில் யாரும் நடக்க வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது பயிற்சி எப்போது தொடங்கினார், எங்கே நடந்தார், ஓடையிலோ குளத்திலோ இறங்கினாரா, சிறுநீர் என்ன நிறம், காய்ச்சல் எந்த நாளில் தொடங்கியது, இதுவரை என்ன மாத்திரை போட்டார் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மாத்திரை அட்டையையும் கூடவே கொண்டுபோங்கள்.