டேங்க்கில் திடீரென்று பாசி மீன் குஞ்சுகள்: வளர்ப்பதா, ஆற்றில் விடுவதா?

பாளைக்காரன்:
கண்ணாடியில் பாசி படிகிறது என்று கடையில் சொன்னதும் பாசி தின்னும் பிளெக்கோ மீன் ஒரு ஜோடி கொடுத்தார்கள். மூன்றடி டேங்க்கில் ஏஞ்சல், கப்பி மீன்களோடு சேர்ந்து கிடந்தன. நேற்று தண்ணீர் மாற்ற மரக்கட்டையைத் தூக்கினால், அடியிலிருந்து சுண்டுவிரல் நகம் அளவில் குஞ்சுகள் சிதறி ஓடுகின்றன. ஐம்பதுக்குக் குறையாது. பெரிய மீனில் ஒன்றுக்கு மூக்கின் மேல் கிளை கிளையாகத் தசை முளைத்திருக்கிறது. "கொல்லாதே, தாமிரபரணியில் குறுக்குத்துறைப் பக்கம் கொண்டுபோய் விடு, புண்ணியம்" என்கிறார் அப்பா. என்ன செய்யலாம்?

பேட்டை அண்ணாச்சி:
தம்பி, அது பிரிஸ்டில்நோஸ் என்ற சின்ன பிளெக்கோ வகை. மூக்கில் மீசை இருப்பது ஆண். நல்ல சகுனம்தான், ஆனால் இதற்காகத் தனி டேங்க், தனிச் சாப்பாடு என்று அலையாதே. குஞ்சுகளை அங்கேயே விடு. ஏஞ்சல் தின்றது போக நிற்பதுதான் பலமான குஞ்சு. ஐம்பதையும் ஆளாக்கினால் அத்தனையையும் எங்கே வைப்பாய்? மிஞ்சியதை பாளையங்கால்வாயில் விடு. இத்தனூண்டு மீனை விரால் ஒரே நாளில் முடித்துவிடும். அப்பா மனதும் குளிரும்.

கல்லிடை வாசகி:
அண்ணாச்சி, மீன் எது என்று சரியாகச் சொன்னீர்கள். மற்றதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. டேங்க்கில் விட்டால் பலமானது பிழைக்கும் என்பது இந்த மீனுக்குப் பொருந்தாது. ஏஞ்சல் வாயில் போவதைவிடப் பட்டினியில் சாவதுதான் அதிகம். முட்டை பொரிந்த பிறகு சில நாள் குஞ்சின் வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள்கருவே சாப்பாடு. அதுவரை அப்பன் மீன் பொந்துக்குள் வைத்து விசிறிக் காக்கும். தம்பி வீட்டுக் குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன என்றால் அந்த மஞ்சள்கரு தீர்ந்துவிட்டது, இனி வயிற்றுக்கு நாம்தான் போட வேண்டும். கண்ணாடியில் இருக்கும் பாசி ஐம்பது வாய்க்கு இரண்டு நாள் கூடக் காணாது.

பாளைத் தம்பி, பயப்பட ஒன்றுமில்லை. பழைய டேங்க் தண்ணீரையே ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றி, ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று வையுங்கள். பவர் ஃபில்டர் என்றால் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டாமல் ஓட்டாதீர்கள், குஞ்சு உள்ளே போய்விடும். வெள்ளரிக்காய், சுரைக்காய், பசலைக்கீரை எதுவானாலும் நன்றாகக் கழுவி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, ஆறியதும் அடியில் அமிழ்த்தி வையுங்கள். மாலை வைத்ததைக் காலையில் எடுத்துவிட வேண்டும். இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மீந்த காய் அழுகி அம்மோனியா ஏறினால் ஒரே இரவில் தொட்டி காலி. மரக்கட்டைத் துண்டு ஒன்றும் காய்ந்த நாட்டு பாதாம் இலையும் கிடக்கட்டும். அவற்றின் மேல் படியும் வழவழப்பைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். கண்ணாடியில் ஒட்டும்போது வயிற்றைப் பாருங்கள்: உருண்டிருந்தால் சாப்பாடு போதும், ஒட்டியிருந்தால் போதவில்லை.

கார்ப்பரேஷன் தண்ணீர் என்றால் ஒரு நாள் திறந்து வைத்தோ, ஆன்டி குளோரின் விட்டோதான் ஊற்ற வேண்டும். இந்த மீனுக்கு 23 முதல் 27 டிகிரி வரை சுகம். நம் ஊர் சித்திரை வெயிலில் தொட்டி 31ஐத் தொட்டுவிடும், அப்போது தண்ணீரில் பிராணவாயு குறையும். காற்றுக்கல் இரவும் பகலும் ஓடட்டும், கரண்ட் போனால் பேட்டரி பம்ப் கைவசம் வேண்டும்.

மணிமுத்தாறு மைந்தன்:
வளர்ப்பதைப் பற்றி அக்கா சொல்லிவிட்டார்கள். நான் கால்வாய்க்கு வருகிறேன். பாளையங்கால்வாயில் விடுவது ஆற்றுப் பாசனத்திலும் குளங்களிலும் விடுவதுதான். இது தென்னமெரிக்க மீன். தாமிரபரணிக்கென்றே பாசி சுரண்டும் மீன்கள் உண்டு, பாறையில் ஒட்டிக் கிடக்கும் கல்லொட்டிகள். அதில் ஒன்றுக்குக் களக்காட்டின் பெயரையே வைத்து 'காரா களக்காடென்சிஸ்' என்று 1993இல் விவரித்திருக்கிறார்கள். ஆற்றின் பெயரைத் தாங்கிய 'டாகின்சியா தாம்பிரபர்ணியை' என்ற கெண்டை வேறு எந்த ஆற்றுக்கும் சொந்தமில்லை. இவை மேயும் பாறையில் எதற்கு இன்னொரு வாய்?

விரால் தின்றுவிடும் என்று நம்பித்தான் பிளெக்கோவின் பெரிய உறவான டேங்க் கிளீனரையும் விட்டார்கள். இன்று தமிழ்நாட்டுக் குளங்களில் அது பெருகிக் கிடக்கிறது. வலையைக் கிழிக்கிறது, கரையில் பொந்து தோண்டி முட்டையிடுகிறது. போர்ட்டோ ரிக்கோவில் அதை விழுங்கப் போன கூழைக்கடாக்கள் முள் தொண்டையில் சிக்கிச் செத்தது பதிவாகியிருக்கிறது. கூந்தன்குளத்தில் கூழைக்கடா கூடு கட்டும் மாவட்டம் நம்முடையது.

பேட்டை அண்ணாச்சி:
நீ சொல்வது ஒன்றரை அடி வளரும் டேங்க் கிளீனர். இவன் மீன் அரை அடியைத் தாண்டாது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதே. கொசுவுக்கென்று கம்பூசியாவைக் கிணற்றில் விட்டது அரசாங்கம்தானே? ஜிலேபி கெண்டையும் வெளியிலிருந்து வந்ததுதான், இன்று ஏழை வீட்டுக் குழம்பில் அதுதான் மீன். 2023 டிசம்பரில் ஆறு வண்ணார்பேட்டைக்குள் புகுந்தபோது எத்தனை வீட்டு டேங்க் மீன் ஆற்றோடு போயிருக்கும்! இவன் கையில் இருக்கும் ஐம்பதால்தான் ஆறு கெடப்போகிறதா?

மணிமுத்தாறு மைந்தன்:
இரண்டும் வேறு என்பது சரி, அண்ணாச்சி. முதுகுத் துடுப்பின் கதிர்களை எண்ணினாலே தெரியும்: டேங்க் கிளீனருக்குப் பத்துக்கு மேல், இதற்கு ஏழெட்டு. ஆனால் நீங்கள் காட்டிய இரண்டு சாட்சியும் என் பக்கம்தான் பேசுகின்றன. உலகின் மிக மோசமான நூறு அந்நிய உயிர்களின் பட்டியலில் கம்பூசியாவும் இருக்கிறது, 1952இல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபியும் இருக்கிறது. ஜிலேபி குழம்பில் ருசிக்கலாம், அது வந்த குளத்தில் நாட்டுக் கெண்டைக்கு என்ன ஆனது என்று வலை போடுகிறவர்களைக் கேளுங்கள். வெள்ளம் நம் கையில் இல்லை. வாளியைக் கவிழ்ப்பது நம் கையில் இருக்கிறது.

என்னைக் கேட்டால், அடுத்த முறை ஆரஞ்சு நிற முட்டைக்கொத்தைக் கண்டதுமே எடுத்து ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். குஞ்சாகும் வரை விட்டால் யாருக்கும் மனம் வராது.

கல்லிடை வாசகி:
ஆற்றைப் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. முட்டையை அழிப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. ஆணையும் பெண்ணையும் தனித்தனி டேங்க்கில் வைத்தால் முட்டையே வராதே. குஞ்சு இரண்டு மூன்று மாதத்தில் ஓர் அங்குலம் தாண்டும், அதன் பிறகு கடைக்காரர்களே வாங்கிக்கொள்வார்கள். டேங்க் கிளீனருக்குப் பதில் இதைக் கொடுத்தால், வீட்டில் அடங்காமல் வளர்ந்து குளத்துக்குப் போகும் மீனும் குறையும்.

மணிமுத்தாறு மைந்தன்:
வாங்கியவர் அலுத்துப்போய் எங்கே விடுவார் என்பதற்கு யார் பொறுப்பு, அக்கா? அதனால்தான் முட்டையிலேயே நிறுத்தச் சொல்கிறேன்.

பேட்டை அண்ணாச்சி:
ஆற்றில் விடும் பேச்சை நான் விட்டுவிடுகிறேன். அந்தக் கல்லொட்டிக் கணக்கை யோசிக்க வேண்டியதுதான். ஆனால் ஐம்பதையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்பதை இப்போதும் ஏற்க மாட்டேன். இடத்துக்குத் தக்கபடி நிறுத்து தம்பி.

பாளைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. இன்று தொட்டி மாற்றிவிட்டேன், வெள்ளரித் துண்டின் மேல் மொய்த்துக் கிடக்கின்றன. அப்பாவிடம் அந்தக் களக்காட்டு மீனைப் பற்றிச் சொன்னேன். ஆற்றுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். இன்னொரு சந்தேகம்: தொட்டி கழுவும் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றலாமா?

கல்லிடை வாசகி:
வேண்டாம் தம்பி. தென்னைக்கோ வாழைக்கோ ஊற்றுங்கள், உரத்துக்கு உரம். ஒன்றிரண்டு குஞ்சு தப்பி வந்தாலும் வாய்க்காலுக்குப் போகாது, ஊற்றும் முன் வலையில் வடித்துவிடுங்கள்.