சன்ஸ்கிரீன் விளம்பரக் கதை: பார்க்கிறார்கள், பூசுவதில்லை. எங்கே தவறு?

கேள்வி:
ஒரு சன்ஸ்கிரீன் பிராண்டுக்கு 45 விநாடி வீடியோ தொடர். முதல் மூன்றும் தோல் புற்றுநோய், முகச்சுருக்கம் என்று பயமுறுத்தும் கதைகள். கடைசிவரை பார்க்கிறார்கள், ட்யூபும் வாங்குகிறார்கள். ஆனால் மறுபடி வாங்க வருவதில்லை. கதையை எப்படி மாற்றலாம்?

பதில் 1:
பயமுறுத்திவிட்டு, கையோடு செய்ய ஒரு வேலை கொடுக்காவிட்டால் ‘நமக்கெல்லாம் வராது’ என்று கடந்துபோய்விடுவார்கள். புற்றுநோய் எப்போதோ வருவது. களிம்பின் பிசுபிசுப்பு இன்று காலையே தெரிந்துவிடும். ஆஸ்திரேலியாவில் 1981-ல் சிட் என்ற கடற்காகத்தை வைத்து வந்த விளம்பரத்தைக் கவனியுங்கள். சட்டையை மாட்டு, களிம்பைத் தடவு, தொப்பியைப் போடு: மூன்றும் வினைச்சொல். உங்கள் கதையில் பாத்திரம் கையால் என்ன செய்கிறது?

பதில் 2:
மறுபடி வாங்காததற்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம்: பழைய ட்யூபே தீர்ந்திருக்காது! ட்யூபில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு அளவு) எண்ணைச் சோதிப்பது சதுர செ.மீ.க்கு 2 மி.கி. பூசி. பெரும்பாலோர் பூசுவது அதில் கால் பங்கு, மிஞ்சினால் பாதி. முகத்துக்கும் கழுத்துக்கும் சுமார் 1 முதல் 1.5 கிராம் வேண்டும். தினம் ஒரு தடவை பூசினாலே 50 கிராம் ட்யூப் ஐந்து முதல் ஏழு வாரத்தில் காலியாக வேண்டும்.

விளம்பரங்களே இதைக் கெடுக்கின்றன. நடிகை கன்னத்தில் பட்டாணி அளவு பொட்டு வைத்துச் சிரிப்பார்; பார்ப்பவருக்கு அதுதான் அளவு. அதற்குப் பதில் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை இரண்டு கோடு பிழிவதை நெருக்கத்தில் காட்டுங்கள். காது மடல், பிடரி, நெற்றியோரம் விடுபடக் கூடாது. எஸ்பிஎஃப் எண்ணைப் பெருமையடித்துப் பயனில்லை: சோதனை அளவில் பூசினால், தோலைச் சுடும் கதிர்களில் எஸ்பிஎஃப் 30 சுமார் 97%, 50 சுமார் 98% தடுக்கும். குறைத்துப் பூசினால் இரண்டும் படுத்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
சரி, அளவைக் காட்டுகிறோம். ‘நான் வெயிலிலேயே நிற்பதில்லை’ என்பவர்களுக்கு?

பதில் 3:
ஜன்னலுக்குள் இருந்தாலும் வெயில் படும் என்று காட்டுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர்களில், தோலைச் சுடும் யூவிபி-யைக் கண்ணாடி பெரும்பாலும் தடுக்கும்; தோலைச் சுருங்கவைக்கும் யூவிஏ-வில் கணிசமான பங்கை உள்ளே விடும். 2012-ல் ஒரு மருத்துவ இதழில் 28 ஆண்டு லாரி ஓட்டியவரின் படம் வந்தது: ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் தடித்துச் சுருங்கியிருக்கும், வலது பக்கத்தில் அவ்வளவு இல்லை. வசனமே வேண்டாத கதை அது. அந்தப் படத்தை அப்படியே எடுத்துப் போடாதீர்கள், அனுமதி வேண்டும். ஜன்னலோர இருக்கை, ஒரு கன்னத்தில் மட்டும் விழும் வெளிச்சம் என்று புதிதாக எடுங்கள்.

பூசும் காட்சியைப் பல் துலக்குவதோடு ஒட்டுங்கள். தனியாக நேரம் ஒதுக்கச் சொன்னால் நான்காம் நாள் மறந்துவிடும். வெளியிலேயே இருப்பவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும் என்பதால் பைக்குள் ட்யூப் தெரியட்டும். கடைசியாக ஒன்று: மாநிறத் தோலில் களிம்பு சாம்பல் பூத்தாற்போல் நின்றால், கதையை விட்டுவிட்டு முதலில் களிம்பை மாற்றச் சொல்லுங்கள்.