வேகன்ஆரா ஸ்விஃப்டா: அப்பத்தாவ உக்கார வச்சு அளந்து பாத்தோம்

பள்ளத்தூர்லேர்ந்து எழுதுறேன். போன மாசம் சின்ன கார் ஒண்ணு வாங்கலாம்னு கெளம்பி கடைசியில வேகன்ஆர், ஸ்விஃப்ட் ரெண்டுல வந்து நின்னுச்சு. விலை மைலேஜெல்லாம் எல்லாரும் பேசியாச்சு, நான் எடத்த பத்தி மட்டும் சொல்றேன், உங்க வீட்லயும் முட்டிவலியோட பெரியவங்க இருந்தா உபயோகப்படும், நீங்களும் உங்க அனுபவத்த போடுங்க.

மொத அளவ நாங்க கார்ல எடுக்கல, எங்க கார் செட்டுல எடுத்தோம். ஐயா காலத்துல அம்பாசடருக்குன்னு பின் தெருவப் பாத்து கட்டுனது, உள்ள எட்டடி அகலம்தான். அம்பாசடர் அகலம் 1662 மி.மீ. வேகன்ஆர் 1620, அதவிட ஒல்லி. ஸ்விஃப்ட் 1735, அதுவும் கண்ணாடிய சேக்காம. பெரிய கார்னு நெனச்ச அம்பாசடரவிட இன்னிக்கு சின்ன கார் ஏழு செ.மீ. அகலம்னா நம்புறீங்களா, நான் ரெண்டு தடவ சரி பாத்தேன். செட்டுக்குள்ள நிறுத்தி கதவத் தொறந்து எறங்குறதுக்கு அந்த அகலம்தான் கணக்கு.

அடுத்தது நீளம். ஸ்விஃப்ட் 3860, வேகன்ஆர் 3655, இருபது செ.மீ. வித்தியாசம். அதனால ஸ்விஃப்ட்லதான் கால் நீட்ட எடம் இருக்கும்னு நாங்களா முடிவு பண்ணிட்டுப் போனோம். ஆனா முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம், வீல்பேஸுன்றாங்கள்ல, அது ஸ்விஃப்ட்ல 2450, வேகன்ஆர்ல 2435. ஒண்ணரை செ.மீ.தான்! இதுல அம்பாசடர் கதைதான் எனக்கு ரொம்ப ஆச்சரியம், அது 4325 நீளம், வீல்பேஸ் 2464, அதாவது வேகன்ஆரவிட 67 செ.மீ. நீளமா இருந்தும் சக்கரத்துக்கு நடுவுல மூணு செ.மீ.கூட அதிகம் இல்ல. அதுல இஞ்சின் நெட்டுவாக்குல இருக்கும், கியர்பாக்ஸ் அதுக்குப் பின்னாடி, அங்கேர்ந்து பின் சக்கரத்துக்கு ஷாஃப்ட் ஓடும். இப்ப வர்ற சின்ன கார்ல இஞ்சினும் கியர்பாக்ஸும் குறுக்க உக்காந்து முன் சக்கரத்தையே சுத்துது, அதான் மூக்கு சின்னதாகி மிச்ச எடம் ஆளுக்கு வந்துருச்சு.

சரி, ஷோரூம்ல என்ன பண்ணோம்னா, தம்பி ஆறடி, அவன டிரைவர் சீட்ல உக்காரச் சொல்லி அவன் வசதிக்கு சீட்ட தள்ளிட்டு, எறங்கி அப்பிடியே அதே சீட்டுக்குப் பின்னாடி உக்காரச் சொன்னேன். இத கண்டிப்பா செய்யுங்க, முன் சீட்ட முன்னாடி இழுத்து விட்டுட்டு பின்னாடி உக்காந்தா எந்த காரும் பெருசாதான் தெரியும். ஸ்விஃப்ட்ல முட்டிக்கு எடம் இல்லாம இல்ல, ஆனா தொடை தூக்கிக்கிட்டு நின்னுச்சு. வேகன்ஆர் உயரம் 1675, ஸ்விஃப்ட் 1520. பதினஞ்சரை செ.மீ. ஒசரம். கூரை ஒசந்தா சீட்டையும் ஒசத்திப் போடலாம், சீட்டு ஒசந்தா கால் கீழ தொங்கும், முன்னாடி நீட்ட வேண்டியதில்ல. நீளத்துல இல்லாத எடம் ஒசரத்துல கெடைக்குது.

அப்பத்தாவுக்கு எம்பத்திரெண்டு வயசு. ஸ்விஃப்ட்ல தலைய குனிஞ்சு கீழ எறங்குற மாதிரி உக்காரணும், எந்திரிக்கிறப்ப நானும் அம்மாவும் ஆளுக்கொரு கை புடிச்சோம். வேகன்ஆர்ல சேலைய ஒரு கையில புடிச்சுக்கிட்டு திண்ணையில உக்கார்ற மாதிரி உக்காந்துச்சு, எறங்குறப்ப "நீ வேணாம்ப்பா, நானே எறங்கிக்கிடுறேன்"னுச்சு. எனக்கு அங்கயே முடிவாயிருச்சு.

டிக்கி 341 லிட்டர், ஸ்விஃப்ட்ல 265. பலகாரச் சம்படமெல்லாம் நிமித்தி வைக்கலாம்.

*

நான் தேவகோட்டை, ஸ்விஃப்ட் வச்சிருக்கேன். நீங்க சொன்ன ஒசரக் கணக்கு சரிதான், ஆனா பின்னாடி எத்தன பேர்னும் பாக்கணும். எங்க வீட்ல ரெண்டு பிள்ளைக நடுவுல அவங்கம்மா, தோளுக்குத் தோள் உக்கார்றப்ப எனக்கு அகலம்தான் பெருசாப் பட்டுச்சு. மூணு பெரியாளுக்கு ரெண்டு காருமே நெருக்கந்தான், அதுல ஒளிக்க ஒண்ணும் இல்ல. மாசம் ஒருக்க மெட்ராஸ் போறேன், நானூறு கிலோமீட்டர், தாழ்வான வண்டி ரோட்ட புடிச்சுப் போறது எனக்கு நிம்மதி. ஆனா எங்காத்தா வந்தா முன் சீட்லதான், அதையும் பின்னாடி தள்ளி வச்சுதான் ஏத்துறோம்.

*

திரும்ப பள்ளத்தூர்தான். முன் சீட்ட தள்ளி வச்சு ஏத்துறது நல்ல யோசனை, எனக்கு அன்னைக்கு தோணல. அம்மா, அப்பத்தா, நான் மூணு பேரும் பின்னாடி உக்காந்து பாக்காம விட்டுட்டேன், அதுவும் தப்புதான். வண்டி வந்து ஒரு வாரமாச்சு, நேத்து பிள்ளையார்பட்டி போனோம், அப்பாவ முன்னாடி உக்கார வச்சுட்டு நாங்க மூணு பேரும் பின்னாடி. நடுவுல நான், தோள ஒருக்களிச்சுதான் உக்காந்தேன். அப்பத்தா ஜன்னலோரம், கோயில் வர்ற வரைக்கும் எந்த ஊரு எந்த ஊருன்னு கேட்டுக்கிட்டே வந்துச்சு.